கண்ணாடி வழி – 9: கிளிசரினுக்குள் ஒரு திடப்பொருள்

சென்ற பகுதியை 1928 பிப்ரவரி 28ஆம் தேதி, கல்கத்தா பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டிடத்தில் நிறுத்தியிருந்தோம். சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் திரவத்தில் சிதறிய ஒளிக்குள் புதிய நிறம் ஒன்றைக் கண்டு உறுதிசெய்த நாள் அது. அங்கிருந்து நேரே 1930ஆம் ஆண்டு நோபல் பரிசுக்குப் போய்விடுவதுதான் வழக்கம். பாடப்புத்தகமும் மேடைப் பேச்சும் அப்படித்தான் செய்கின்றன. நம் தொடர் கண்ணாடியைப் பற்றியது. ஆகவே அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு புட்டியின் பக்கத்தில் சற்று நின்றுதான் போக வேண்டும். புட்டியில் இருந்தது கிளிசரின்.

அதைக் கையில் எடுத்தவர் எஸ். வெங்கடேசுவரன். அலிபூரில் இருந்த அரசுச் சோதனைச் சாலையில் அவருக்கு வேலை. வேலை முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் ராமனின் கூடத்துக்கு வந்து ஆய்வு செய்தார். மிகத் தூய்மையாக்கிய கிளிசரினுக்குள் சூரிய ஒளியை அனுப்பிப் பக்கவாட்டில் பார்த்தபோது, வழக்கமான நீலத்துக்குப் பதில் பளிச்சென்ற பச்சை தெரிந்தது. அந்தப் பச்சை வலுவாகத் தளவிளைவு பெற்றும் இருந்தது. சாதாரண ஒளிர்தலில் அப்படி இருக்காது. இதற்கு முன்பே, 1923இல், கே.ஆர். ராமநாதன் தண்ணீரில் இப்படி ஒரு மங்கலான வேற்றொளியைக் கண்டிருந்தார். அழுக்குதான் காரணம் என்று எண்ணித் திரும்பத் திரும்பச் சுத்திகரித்தும் அது போகவில்லை. 1925இல் கிருஷ்ணன் 65 திரவங்களை ஆராய்ந்தபோது அங்கும் அது தலைகாட்டியது. கிளிசரினின் பச்சை வந்த பிறகுதான் ராமன் இதை அழுக்கின் கணக்கில் எழுதுவதை விட்டார்.

இவ்வளவும் ராமன் விளைவின் வரலாறு. கிளிசரினுக்கு இன்னொரு குணம் உண்டு. சுமார் 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது உறைந்து படிகமாக வேண்டும். ஆனால் லேசில் ஆகாது. குளிரக் குளிரக் கெட்டிப்பட்டுக்கொண்டே போகும். தேன் மாதிரி, பிறகு பிசின் மாதிரி. கடைசியில் சுழியத்துக்குக் கீழே 83 டிகிரி அளவில் முழுக்க இறுகி நிற்கும். அப்போதும் அதில் படிக ஒழுங்கு இருக்காது. அந்த நிலையில் அது அசல் கண்ணாடி. நம் ஜன்னலில் இருப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ராமனின் மேசையில் இருந்தது ஒரு கண்ணாடியின் இளம்பருவம்.

அந்த நாட்களில் ராமன் கண்ணாடியையே நேரடியாகவும் பார்த்திருந்தார். ஒளிக்கருவிகளுக்கான கண்ணாடித் துண்டுகள் வழியே ஒளியைச் செலுத்தினால் உள்ளே மங்கலான ஒளிப்பட்டை தெரியும். குமிழியோ தூசியோதான் அதற்குக் காரணம் என்று சொல்லப்பட்டு வந்தது. கண்ணாடியின் மூலக்கூறு அமைப்பே ஒளியைச் சிதறடிக்கிறது என்பது ராமனின் கட்சி. ஒழுங்கற்ற திடப்பொருள்களில் ஒளிச்சிதறல் பற்றி 1927இல் அமெரிக்க ஒளியியல் கழக இதழில் அவர் எழுதிய கட்டுரை இதைப் பேசுகிறது. ஒழுங்கில்லாத திடப்பொருள் எப்படி அசைகிறது என்ற கேள்வி, உலகப் புகழ் வருவதற்கு ஓராண்டு முன்பே அவரிடம் இருந்தது.

இந்தத் தொடர் எழுதப்படும் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது. சடாயுவுக்கு ராமபிரான் ஈமக்கடன் செய்ததாகச் சொல்லப்படும் தலம். விசயராகவப் பெருமாள் கோயிலும் சடாயு தீர்த்தமும் அதைச் சொல்லி நிற்கின்றன. ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும், ஆசிரியரின் உரையை மறுத்துப் பேசியதும் இங்கேதான் என்பது குருபரம்பரை வழக்கு. அவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் இதே நெடுஞ்சாலையில் கிழக்கே இருக்கிறது. அங்கே 2000ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபெய்ன் ஆலை, உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுத் தட்டைக் கண்ணாடி செய்துவருகிறது. மேற்கே போனால் பெங்களூரு. 1933இல் ராமன் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் போய்ச் சேர்ந்த ஊர். கண்ணாடி என்றால் என்ன என்ற கேள்வி நம் நாட்டில் ஆழமாகக் கேட்கப்பட்டது அங்கேதான்.

அங்கே போவதற்கு முன் ஓர் அடுப்படி.

கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்கும் வீட்டில், வாணலியில் வெல்லப்பாகு நுரைத்துக் கொதிக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். மாமியார் கரண்டி நுனியால் ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விடுவார். முதலில் அது கரைந்து பரவும். சற்றுப் பொறுத்து விட்டால் விரலுக்குள் மெத்தென்று உருளும். “இது அதிரசத்துக்கான பதம், பொரிக்கு ஆகாது” என்று மருமகளிடம் சொல்லிவிட்டு இன்னும் கிளறுவார். அடுத்த முறை சொட்டு கெட்டியாகத் திரளும். எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்கும். “இப்ப எறக்கும்மா” என்பார்.

அந்தச் சத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வெளியேறுகிறது. தண்ணீர் குறையக் குறைய, பாகு இறுகி நிற்கும் வெப்பநிலை மேலே ஏறுகிறது. ஒரு கட்டத்தில் அது நம் அறை வெப்பநிலையைத் தாண்டிவிடுகிறது. கிண்ணத்துத் தண்ணீரில் விழுந்த சொட்டு, படிகமாகச் சேர நேரம் கிடைக்காமல், அப்படியே கண்ணாடியாகிவிடுகிறது. உள்ளே சர்க்கரை மூலக்கூறுகள் திரவத்தில் கிடந்த அதே தாறுமாறான இருப்பில்தான் இருக்கின்றன. ஆனால் தட்டில் மோதினால் நெளியவில்லை; அதிர்கிறது, ஒலிக்கிறது. மழைக்காலத்தில் அதே உருண்டை டப்பாவில் பிசுபிசுத்துப் போவதும் இதே கணக்கின் மறுபக்கம். காற்றின் ஈரம் உள்ளே போனதும் இறுகும் வெப்பநிலை மறுபடி இறங்கிவிடுகிறது.

ஆக, ஒரு பொருள் திரவமா திடமா என்பதை அது எப்படி அதிர்கிறது என்று கேட்டுச் சொல்ல முடியும். 1930களில் பெங்களூரில் செய்யப்பட்டது இந்தச் சோதனைதான். பாகுக்குப் பதில் கிளிசரின். தட்டுக்குப் பதில் ஒளி.

எந்தத் திரவத்துக்குள்ளும், அது அசையாமல் கிடக்கும்போதும், வெப்பத்தால் எழும் ஒலியலைகள் எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் காதுக்கு எட்டாத அதிர்வெண்; விநாடிக்கு ஆயிரம் கோடி முறை என்ற அளவு. ஒளி அவற்றின் மேல் பட்டுச் சிதறும்போது, அலை வரும் திசையைப் பொறுத்து ஒளியின் அதிர்வெண் ஒரு துளி கூடும் அல்லது ஒரு துளி குறையும். பிரெஞ்சு அறிஞர் லெயோன் பிரில்லூன் 1922இல் இதை முன்னறிந்து சொன்னார். ரஷ்யாவில் மண்டெல்ஷ்டாம் 1926இல் தனியே எழுதினார். 1930இல் எவ்கேனி குரோஸ் திரவங்களில் அதைக் கண்ணால் கண்டார். ஒரே கோடாக விழும் ஒளி, சிதறிய பின் நடுவில் ஒன்றும் இருபுறமும் ஒவ்வொன்றுமாக மூன்றாகப் பிரிகிறது. பக்கக் கோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தால், திரவத்துக்குள் அந்த ஒலி ஓடும் வேகம் கிடைத்துவிடும்.

எழுத எளிது. அந்த விலகல் லட்சத்தில் ஓரிரு பங்குதான். சாதாரண நிறமாலைக் கருவிக்கு அது தெரியாது. வெள்ளி பூசிய இரண்டு கண்ணாடித் தகடுகளை மிகத் துல்லியமாக இணையாக வைத்து, அவற்றுக்கிடையே ஒளியைத் திரும்பத் திரும்ப எதிரொளிக்க வைக்கும் ஃபாப்ரி–பெரோ கருவி வேண்டும். லேசர் வருவதற்கு இருபது முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய காலம். பாதரச விளக்கின் ஒளியை வைத்துக்கொண்டு, சிதறி வரும் சொற்ப ஒளி படத்தட்டில் பதியும் வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் வெப்பநிலை மாறக் கூடாது. மாறினால் தகடுகளின் இடைவெளி மாறி, கருவி காட்டும் ஒளி வளையங்கள் கலைந்துவிடும். பெங்களூரின் மிதமான தட்பவெப்பம் இவர்களுக்கு ஓரளவு கைகொடுத்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

பி.வி. ராகவேந்திர ராவ் இந்த வேலையில் முதலில் இறங்கினார். 1934இல் ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் ஏட்டில் அவருடைய கட்டுரைகள் வந்தன. 1938இல் ராமனும் அவரும் சேர்ந்து, ஒளிச்சிதறலுக்கும் திரவத்தின் பாகுத்தன்மைக்கும் உள்ள உறவைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அடுத்து வந்தவர் சி.எஸ். வெங்கடேசுவரன். கல்கத்தாவில் பச்சை ஒளியைக் கண்ட வெங்கடேசுவரன் வேறு, இவர் வேறு. பெயர் ஒற்றுமையால் பலர் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள். 1939இல் ராமனும் இவரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சிறு குறிப்பின் தலைப்பு, திரவங்களின் விறைப்பு.

கிளிசரினுக்குள் ஒலியின் வேகத்தை மீயொலிக் கருவியால் அளந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் வரும். அந்தக் கருவியின் அதிர்வெண் விநாடிக்கு லட்சக்கணக்கில், மிஞ்சினால் கோடிக்கணக்கில். ஒளிச்சிதறல் காட்டிய ஒலியோ ஆயிரம் கோடிக் கணக்கில் அதிர்வது. அதன் வேகம் மீயொலியின் வேகத்தைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது. ஒரே கிளிசரின், ஒரே வெப்பநிலை, இரண்டு வேகம். வேகம் கூடுகிறதென்றால் பொருள் விறைத்திருக்கிறது என்று பொருள். வழிந்து ஓடும் ஒரு திரவம், போதுமான வேகத்தில் அசைத்துக் கேட்டால், ஓர் ஒழுங்கற்ற திடப்பொருளாகப் பதில் சொல்கிறது.

இதைப் புரிந்துகொள்ள 1867இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் போட்ட கணக்கு ஒன்று உதவும். பாகுத்தன்மையை விறைப்பால் வகுத்தால் ஒரு நேரம் கிடைக்கும். மூலக்கூறுகள் இடம் மாறி, தம் மேல் விழுந்த அழுத்தத்தைத் தளர்த்திக்கொள்ள எடுக்கும் நேரம் அது. தளர்வு நேரம் என்பார்கள். தண்ணீருக்கு அது விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவு. தண்ணீரைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பாகுத்தன்மை கொண்ட கிளிசரினுக்கு அறை வெப்பநிலையில் ஆயிரம் கோடியில் மூன்று நான்கு பங்கு. வெங்கடேசுவரன் அளந்த ஒலியின் ஓர் அதிர்வுக்கு ஆகும் நேரமோ ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. கிளிசரின் மூலக்கூறு நகர்ந்து வழிவிடுவதற்குள் அதிர்வு முடிந்து அடுத்தது வந்துவிடுகிறது. நகர நேரம் கிடைக்காத இடத்தில் திரவம் திடமாகத்தான் நடந்துகொள்ளும்.

இப்போது அதே கிளிசரினைக் குளிரவையுங்கள். பாகுத்தன்மை ஏறுகிறது, தளர்வு நேரமும் ஏறுகிறது. விநாடியின் பின்னங்களைக் கடந்து, விநாடிகளைக் கடந்து, நிமிடங்களுக்கு வருகிறது. பாகுத்தன்மை லட்சம் கோடி பாஸ்கல்–விநாடியைத் தொடும் இடத்தைக் கண்ணாடி நிலை மாற்றம் என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் தளர்வு நேரம் சில நிமிடங்கள். மனிதன் உட்கார்ந்து பார்க்கக்கூடிய நேரம். இன்னும் குளிர்ந்தால் நம் பொறுமைக்கு எட்டாது. ஐரோப்பாவின் பழைய தேவாலயக் கண்ணாடிகள் அடியில் தடித்திருப்பது நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல ஓடியதால்தான் என்று இன்றும் எழுதுகிறார்கள். தவறு. அறை வெப்பநிலையில் ஜன்னல் கண்ணாடி ஓடுவதற்கு இந்த அண்டத்தின் வயது போதாது. அந்தக் காலத்துத் தயாரிப்பில் தகடு ஒரே சீராக வராது, அவ்வளவுதான்.

ராமன் 1940களில் மாக்ஸ் போர்னுடன் மல்லுக்கு நின்ற கதையை எல்லாரும் சொல்வார்கள். போர்ன் 1935–36இல் ராமனின் அழைப்பில் பெங்களூருக்கு வந்து தங்கியவர். படிகங்களில் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பதில் இருவருக்கும் கடும் கருத்து வேறுபாடு. போர்ன் சொன்னதுதான் சரியென்று பின்னர் நிலைபெற்றது. அந்தத் தோல்வியை வைத்து, நோபலுக்குப் பிந்தைய ராமனின் இயற்பியலை ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒழுங்கான படிகத்தில் அவர் சறுக்கினார்; ஒழுங்கற்ற திரவத்தில் அவரும் மாணவர்களும் வைத்த அடி இன்றும் உறுதியாக நிற்கிறது. திரவத்தின் விறைப்பு பற்றிய 1939ஆம் ஆண்டுக் குறிப்பு, கண்ணாடி நிலை பற்றிய ஆய்வின் தொடக்க கால ஆவணங்களில் ஒன்று. நம் ஊர்ப் பாடநூல்களில் அதற்கு ஒரு வரி இடமில்லை.

அடுத்த அடியை வைத்தவர் ஆர்.எஸ். கிருஷ்ணன். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனிடம் சேர்ந்து, பின்னர் அங்கேயே இயற்பியல் துறைத் தலைவரானவர். பாதரசத்தின் புறஊதாக் கோட்டைப் பயன்படுத்தி, மிக மங்கலான சிதறலையும் படம் பிடிக்கும் முறையைக் கையாண்டார். 1953இல் இந்திய அறிவியல் அகாடமி ஏட்டில், உருக்கிய சிலிக்காக் கண்ணாடியில் ஒளிச்சிதறல் பற்றி அவர் எழுதினார்.

சிலிக்காவை எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு. அதே சிலிக்கன், அதே ஆக்சிஜன், குவார்ட்ஸ் படிகமாகவும் கிடைக்கும், கண்ணாடியாகவும் கிடைக்கும். வேறுபாடு அடுக்கில் மட்டும். தறியில் பாவும் ஊடையும் மாறாமல் ஓடும் பட்டுக்கும், அதே பட்டுநூல் சிக்கு விழுந்து கிடக்கும் பந்துக்கும் உள்ள வேறுபாடு. படிகத்தில் ஓர் அலை ஓடினால் வழி நெடுக ஒரே சீரான இழையைச் சந்திக்கும். ஆகவே நிறமாலையில் கூர்மையான கோடுகள் கிடைக்கும். கண்ணாடியில் ஒவ்வொரு சிக்கும் ஒவ்வொரு விதம். கோடுகள் அகன்று பட்டைகளாகிவிடும். இதை எவரும் ஊகிக்கலாம். ஊகிக்க முடியாத ஒன்று, நிறமாலையின் அடி ஓரத்தில், குறைந்த அதிர்வெண் பகுதியில் இருந்தது. படிகத்தில் ஒன்றுமில்லாத அந்த இடத்தில் கண்ணாடி ஒரு திமிலைக் காட்டியது.

பீட்டர் டெபை 1912இல் போட்ட கணக்குப்படி, திடப்பொருளில் குறைந்த அதிர்வெண்ணில் அதிர்வு முறைகளின் எண்ணிக்கை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்பக் கூட வேண்டும். விநாடிக்கு லட்சம் கோடி முறையை ஒட்டிய இடத்தில், கண்ணாடிகளில் இந்தக் கணக்கைவிட அதிகமான அதிர்வுகள் இருக்கின்றன. சிலிக்காவில், கிளிசரினில், பிளாஸ்டிக்கில், உலோகக் கண்ணாடியில். எதை எடுத்தாலும் ஏதோ ஓர் அளவில் இருக்கின்றன. 1959இல் ஃப்ளூபாக்கர், லெட்பெட்டர், மாரிசன், ஸ்டாய்செஃப் ஆகியோர் சிலிக்காக் கண்ணாடியின் வெப்ப ஏற்புத்திறனையும் ஒளிச்சிதறலையும் சேர்த்து ஆராய்ந்து, குளிரில் கண்ணாடி எதிர்பார்த்ததைவிட அதிக வெப்பத்தை ஏற்பதையும் இந்தக் கூடுதல் அதிர்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இந்தத் திமிலுக்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் பெயர் போசான் உச்சி. அதன் செறிவு வெப்பநிலையோடு மாறும் விதம், சத்யேந்திர நாத் போஸ் 1924இல் டாக்காவிலிருந்து எழுதி அனுப்பிய புள்ளியியலைப் பின்பற்றுவதால் வந்த பெயர் அது.

இந்தத் திமிலுக்கு மூலகாரணம் எது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவில்லை. கண்ணாடியில் விறைப்பு இடத்துக்கு இடம் வேறுபடுவதால் ஒலியலைகள் சிதைந்து அங்கே குவிகின்றன என்கிறது ஒரு சாரார் கொள்கை. அடைபட்ட சிறு அணுக்கூட்டங்கள் தனியே நடுங்குகின்றன என்கிறார்கள் வேறு சிலர். 1971இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செல்லரும் போலும், மிகக் குளிர்ந்த நிலையில் எல்லாக் கண்ணாடிகளும் வெப்பத்தைக் கடத்துவதில் ஒன்றுபோல் நடந்துகொள்கின்றன என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே பிலிப் ஆண்டர்சன், ஹால்பெரின், சந்திரா வர்மா ஒரு பக்கமும், பிலிப்ஸ் தனியே ஒரு பக்கமும் அதற்கு விளக்கம் எழுதினார்கள். அது தனிக் கதை.

நமக்கு முன் இருக்கும் கேள்வி வேறு. திரவம் கண்ணாடியாகும்போது உள்ளே மாறுவது எது? அணுக்கள் அதிரும் விதமா, அணுக்கள் அமர்ந்திருக்கும் விதமா?

இது வெறும் தத்துவக் கேள்வியாக இருக்கவில்லை. கண்ணாடியைச் சூடாக்கித் திரவமாக்கும்போது அதன் வெப்ப ஏற்புத்திறன் சட்டென்று உயர்கிறது. அந்தக் கூடுதல் வெப்பம் எங்கே போகிறது? வால்டர் காஸ்மன் 1948இல் சுட்டிக்காட்டிய புதிர் இதோடு சேர்ந்துகொண்டது. உறையாமல் குளிரும் திரவத்தின் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, வேகமாகக் குறைகிறது. அதே போக்கில் இன்னும் குளிர்ந்தால் ஒழுங்கான படிகத்தைவிடக் குறைவான என்ட்ரோபி அதற்கு வந்துவிடும் போலிருக்கிறது. அப்படி ஆவதற்கு முன்பே திரவம் கண்ணாடியாக இறுகிவிடுகிறது. ஆனால் அந்த என்ட்ரோபியில் அமைப்புக்கு எவ்வளவு பங்கு, அதிர்வுக்கு எவ்வளவு பங்கு? பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. இரண்டையும் தனித்தனியே அளக்காமல் தீராது.

அதிர்வை மட்டும் தனியே எண்ண நியூட்ரான் வேண்டும். அணுவின் மேல் மோதும் நியூட்ரான் எவ்வளவு ஆற்றலை இழந்தது அல்லது பெற்றது என்று பார்த்தால், அங்கே இருந்த அதிர்வுகளின் பட்டியல் முழுவதும் கிடைத்துவிடும். கனடாவின் சாக் ரிவர் உலையில் பெர்ட்ராம் பிராக்ஹவுஸ் 1950களில் இந்த முறையை வளர்த்தெடுத்தார். அவரோடு சேர்ந்து ஜெர்மானியத்தின் அதிர்வுகளை அளந்து 1958இல் கட்டுரை வெளியிட்டவர், திருநெல்வேலியில் பிறந்த பி.கே. ஐயங்கார். பின்னாளில் இந்திய அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்தவர் என்றுதான் நமக்கு அவரைத் தெரியும். அணுக்களின் அதிர்வை எண்ணும் கலையை மும்பையின் டிராம்பே அணு ஆய்வு மையத்தில் வேரூன்றச் செய்தவர் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அளக்க ஏற்ற பொருளும் வேண்டும். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் டூவெஸ் குழு 1960இல் தங்கமும் சிலிக்கனும் கலந்த உருகலை மிக வேகமாகக் குளிர்வித்து முதல் உலோகக் கண்ணாடியைச் செய்தது. இந்தியாவில் அந்தத் துறையை வளர்த்தவர்களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் டி.ஆர். அனந்தராமன் முக்கியமானவர். உலோகக் கண்ணாடி எளிமையானது. சர்க்கரையிலும் கிளிசரினிலும் இருப்பதுபோல் மூலக்கூறுக்குள்ளேயே ஆடும் கை கால்கள் அதில் கிடையாது. அணுக்கள் மட்டும்தான்.

2017இல், அதே கலிஃபோர்னியா கழகத்தின் ஹிலரி ஸ்மித், பிரென்ட் ஃபுல்ட்ஸ் உள்ளிட்ட குழுவினர் ‘நேச்சர் பிசிக்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். செம்பும் சிர்கோனியமும் சரிபாதி கலந்த கண்ணாடி ஒன்று. அவற்றோடு அலுமினியமும் சேர்ந்த கண்ணாடி இன்னொன்று. இரண்டையும் சூடாக்கிக்கொண்டே, கண்ணாடியாக, திரவமாக, படிகமாக மூன்று நிலையிலும் அதிர்வுகளை நியூட்ரானால் எண்ணினார்கள். மொத்த என்ட்ரோபியை வெப்ப அளவியால் தனியே அளந்தார்கள். படிகத்தைவிடக் கண்ணாடிக்கும் திரவத்துக்கும் கூடுதலாக இருக்கும் என்ட்ரோபியில் அதிர்வின் பங்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மிச்சம் முழுவதும் அமைப்பின் பங்கு. குறைந்தபட்சம் இந்த உலோகக் கண்ணாடிகளைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது. திரவம் கண்ணாடியாகும் வாசலில் அணுக்கள் முன்போலவே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. நின்றுபோவது இடமாற்றம்.

1939ஆம் ஆண்டுக் குறிப்பை இப்போது திரும்பிப் பார்த்தால் அதன் அருமை தெரியும். கிளிசரின் வழிந்து ஓடும் நிலையிலேயே அதற்குள் ஒரு திடப்பொருளின் அதிர்வு இருக்கிறது என்று பெங்களூரில் கண்டார்கள். வேகமான அதிர்வுக்குத் திரவம், கண்ணாடி என்ற பாகுபாடு பெரிதாக இல்லை என்பதை அது அப்போதே காட்டிவிட்டது. நியூட்ரான் உலைகளும் லேசர்களும் வந்த பிறகு உலகம் அதற்கு எண் கொடுத்தது. ராமனும் வெங்கடேசுவரனும் 2017ஐ முன்னறிந்தார்கள் என்று சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது அவர்களுக்கு மரியாதை ஆகாது. கையில் இருந்த விளக்கையும் தகடுகளையும் வைத்து, சரியான பொருளிடம் சரியான கேள்வியைக் கேட்டார்கள். அது போதும்.

பெங்களூரில் அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. ஜக்கூரில் 1989இல் தொடங்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ஸ்ரீகாந்த் சாஸ்திரி, திரவம் கண்ணாடியாக இறுகுவதைக் கணினியில் அணு அணுவாகப் பின்தொடர்கிறார். குளிரும் திரவம் தன் ஆற்றல் பள்ளங்களுக்குள் எப்படி இறங்கிச் சிக்கிக்கொள்கிறது என்று அவரும் டெபெனெடெட்டியும் ஸ்டில்லிங்கரும் 1998இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, இத்துறையில் நுழைகிறவர்கள் படித்தே ஆக வேண்டியவற்றில் ஒன்று.

இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் அன்று ராமனின் படத்துக்கு மாலை போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு கிண்ணம் தண்ணீரும் கொஞ்சம் வெல்லப்பாகும் கொண்டுவந்து, பதம் மாற மாறச் சொட்டு எப்படி மாறுகிறது, எப்போது ‘டங்’ என்று ஒலிக்கிறது என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். கொதிக்கும் பாகு கையில் பட்டால் பலத்த காயம் ஆகும். அதை நீங்களே கையாளுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் ஒரு படி மேலே போகலாம். இந்திய அறிவியல் அகாடமியின் பழைய ஏடுகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ராகவேந்திர ராவும் சி.எஸ். வெங்கடேசுவரனும் ஆர்.எஸ். கிருஷ்ணனும் எழுதிய கட்டுரைகளை அவர்கள் தங்கள் கையாலேயே திறந்து பார்க்கட்டும். எல்லாம் புரியாது, படங்களும் அட்டவணைகளும் புரியும்.

அடுத்த பகுதியில் ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறோம். சுமார் 1,000 டிகிரியில் தகரக் குளத்தில் இறங்கி 600 டிகிரியில் தகடாக வெளியேறும் கண்ணாடியையும், 1959இல் அந்த முறையை உலகுக்கு அறிவித்த அலாஸ்டர் பில்கிங்டனையும் பார்ப்போம்.

(தொடரும்)